பதில் போடாம விட்ட அந்த மெயில்

அக்கவுண்ட்ஸ்ல இருக்குறவங்களுக்கு மாசக் கடைசி எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. வெண்டார் பில் வந்திருக்கும், நாம குடுத்த ஆர்டர், அதாவது பிஓ இருக்கும், ஆனா ஸ்டோர்ஸ்ல இருந்து சரக்கு வந்து சேந்ததுக்கான சீட்டு, அதாவது ஜிஆர்என் மட்டும் வந்திருக்காது. சரக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அது சொன்னா தான் மூணையும் ஒப்பிட்டு பில்லை பாஸ் பண்ண முடியும், இல்லைன்னா உத்தேசமா ஒரு தொகையை புரொவிஷன்னு கணக்குல போட்டு அடுத்த மாசம் ரிவர்ஸ் பண்ணணும், அதுக்குள்ள வெண்டார் பணம் கேட்டு நமக்கு தான் போன் பண்ணுவார், ஸ்டோர்ஸுக்கு இல்ல. இதையே பாத்து பாத்து மாசக் கடைசின்னாலே காலைல உள்ள நுழையும்போதே நான் கடுகடுன்னு தான் நுழைவேன். ஏன் இப்படி இருக்கீங்கன்னு யாராவது கேட்டா பதில் தயாரா இருக்கும், ஸ்டோர்ஸ்காரங்க ஒழுங்கா இருந்தா நான் ஏன் இப்படி இருக்கப் போறேன்.

ஒரு குவார்ட்டர் க்ளோசிங்ல 14 பில் நின்னு போச்சு. மேனேஜர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்னைத் தான் கேட்டார். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. சீட்டுக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் மேல ஆதாரத்தோட ஒரு மெயில் போட்டுடணும்னு பழைய மெயிலையெல்லாம் தேதி வாரியா எடுத்து வச்சேன், எப்போ கேட்டேன், எப்போ ரிமைண்டர் போட்டேன்னு வரிசையா. அப்போ நடுவுல ஒண்ணு கண்ல பட்டுச்சு. ஸ்டோர்ஸ்ல இருக்குற சீனியர் அனுப்பினது. பிஓல கிலோன்னு இருக்கு, சரக்கு எண்ணிக்கைல வந்திருக்கு, சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது, ஐட்டம் மாஸ்டர்ல யூனிட் சரி பண்ணித் தர முடியுமா மேடம். ஐட்டம் மாஸ்டர்ன்றது சிஸ்டத்துல ஒவ்வொரு பொருளோட விவரமும் இருக்குற பட்டியல், அதைத் தொடுற பர்மிஷன் எங்க டீம்கிட்ட தான் இருக்கு. மெயில் வந்து 11 நாள் ஆகியிருந்துச்சு. 14 பில்லுல 9 அந்த ஒரு கேள்வில தான் மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

அதை நான் திறந்து பாத்திருக்கேன். பாத்தேன்னு ஞாபகமும் இருக்கு. அனுப்பினவர் பேரைப் பாத்ததுமே ஆரம்பிச்சிட்டாங்க அடுத்த சாக்குன்னு நினைச்சு மூடியிருக்கேன். மறந்து போயிருந்தா கூட மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது, ஒருத்தர் வேலைக்காக கேட்ட நியாயமான கேள்வியை என் எரிச்சல் படிக்கவே விடலன்றது தான் ரொம்ப நேரம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

யூனிட்டை மாத்திட்டு மேனேஜர்கிட்ட போய் 9 பில் என்னால நின்னுச்சுன்னு சொன்னேன். அப்புறம் அந்த சீனியருக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அவர் கோபப்படல. "பரவால்ல மேடம், நீங்க பதில் போட மாட்டீங்கன்னு தெரியும், அதான் ரெண்டாவது தடவை கேக்கல"ன்னார். மேனேஜர் எல்லார் முன்னாடி கேட்டதை விட இது தான் எனக்கு வலிச்சுது. என்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு ஒரு மனுஷன் முடிவு பண்ற அளவுக்கு நான் நடந்திருக்கேன். எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணு கூட டவுட்டு வந்தா என்னைத் தாண்டிப் போய் அடுத்த டீம்ல கேட்டுட்டு வருவா, அவளுக்கு என்கிட்ட கத்துக்க விருப்பம் இல்லைன்னு தான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு ட்ரெயினிங்ல லீ ராஸ்ன்ற உளவியலாளர் 1977ல இந்தப் பழக்கத்துக்கு ஒரு பேர் வச்சதைப் பத்தி சொன்னாங்க, அடுத்தவங்க செய்றதுக்கு அவங்க குணம் தான் காரணம்னு எடுத்துக்கிட்டு அவங்க இருக்குற சூழ்நிலையை நாம குறைச்சு மதிப்பிடுறோம்னு. எனக்கு அந்த யூனிட் மெயில் தான் நினைவுக்கு வந்துச்சு. அவங்க லேட்னா பொறுப்பில்லாதவங்க, நான் லேட்னா வேலை ஜாஸ்தி, இப்படித் தான் அத்தனை நாளும் கணக்கு போட்டிருக்கேன்.

இதுக்காக எல்லா தப்பையும் நம்ம தலைல தூக்கிப் போட்டுக்கணும்னு நான் சொல்லல. மீதி 5 பில் ஸ்டோர்ஸ் அலட்சியத்தால தான் நின்னுச்சு, அதையும் அன்னைக்கே எழுதிக் குடுத்தேன். மேனேஜர் எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டதும் தப்பு தான். ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலைல கட்டிட்டு, அவங்க வாய் திறந்தா உன் ஆட்டிட்யூட் சரியில்லைன்னு வாயை அடைக்கிற இடங்களும் இருக்கு, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனா அவங்க தப்பு எவ்வளவு பெருசா இருந்தாலும் நான் அந்தப் பொண்ணுகிட்ட எரிஞ்சு விழுந்ததுக்கு அது காரணம் ஆகாது. அவ ஜிஆர்என்னை லேட் பண்ணல.

போன மாசக் கடைசிலயும் ரெண்டு ஜிஆர்என் வரல. பழைய மாதிரியே எல்லாரையும் காப்பில போட்டு "ஏற்கனவே பலமுறை தெரிவித்தபடி"ன்னு மெயிலை ஆரம்பிச்சுட்டேன், பாதில நிறுத்திட்டு ஸ்டோர்ஸுக்கு போன் போட்டேன். சிஸ்டம் படுத்துருச்சு மேடம், நாலு மணிக்குள்ள வந்துரும்னார். அஞ்சரைக்குத் தான் வந்துச்சு. அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்குக் கடுப்பா தான் இருந்துச்சு, நடுவுல அந்தப் பொண்ணு சேரை இழுத்துக்கிட்டு வந்து சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல ஒரு என்ட்ரி ஏன் டேலி ஆகலன்னு கேட்டா, ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம்.