ஒரு குத்து, மூன்று கட்டம்

புது காமிக்ஸ் கைக்கு வருவதும் புது ஆக்‌ஷன் படம் ரிலீஸாவதும் ஒரே வாரத்தில் அமைந்துவிட்டால் நண்பர்கள் கூடும் இடத்தில் பேச்சு ஓயாது. ஆனால் அது "ஃபைட் செம", "ஃபைட் மொக்கை" என்பதோடு நின்றுவிடுகிறது. எது செம, எங்கே சொதப்பியது என்று பிடிக்க, இரண்டிலும் ஒரே ஒரு குத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

முதலில் காமிக்ஸ். சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழில் தரும் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் கதை ஒன்றைப் பிரியுங்கள். 1948-இல் இத்தாலியில் தொடங்கிய தொடர் இது. பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்றோ இரண்டோ கட்டம் என்பதே வழக்கமான அடுக்கு. ஒரு குத்துக்கு மூன்று நிலை உண்டு: கை ஓங்குவது, அடி படுவது, ஆள் விழுவது. தேர்ந்த ஓவியர் சில நேரம் நடு நிலையை வரையாமலே விட்டுவிடுவார். ஓங்கிய கைக்கும் உடைந்த மேசைக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் அந்த அடியை நம் மனசு போட்டுக்கொள்ளும். வேகம் அங்கேதான் பிறக்கிறது.

அடுத்து திசை. தமிழ் இடமிருந்து வலம் ஓடுகிறது. குத்தும் அதே பக்கம் போனால் கண் அதோடு சேர்ந்து வழுக்கிப் போகும். எதிர்த் திசையில் வந்தால் சுவரில் முட்டிய மாதிரி இருக்கும். நாயகன் அடி வாங்கும்போது அதுவே பொருத்தம். வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானிய காமிக்ஸான மங்காவில் எல்லாம் தலைகீழ். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதைத் திருப்பி அச்சடித்தால் வலக்கை வீரன் இடக்கையில் வாள் பிடிப்பான்.

மொழிபெயர்ப்பில் கெடுவது பெரும்பாலும் வசனம் எழுதும் பலூனில். தமிழ்ச் சொற்கள் நீளம். பலூனின் அளவு மாறாது. வசனத்தைச் சுருக்காமல் எழுத்தைச் சுருக்கினால் சண்டைப் பக்கத்தில் கண் தடுக்கித் தடுக்கி நிற்கும். ஓடுகிறவன் பேச்சு ஆறேழு சொல்லைத் தாண்டவே கூடாது. 'டுமீல்', 'தடால்' எல்லாம் ஓவியத்தின் பாகம். எழுத்து சாய்ந்து, அடியின் திசையிலேயே போக வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்தில் நேராக அடித்து ஒட்டினால் சத்தம் செத்துவிடும். இன்னொன்று பலர் கவனிக்காதது: முன்னால் ஒரு விளம்பரப் பக்கம் கூடினால் கதை ஒரு பக்கம் நகரும். புரட்டியதும் இடப்பக்கத்தில் வெடிக்க வேண்டிய காட்சி வலப்பக்கத்துக்கு வந்து, கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடும்.

காமிக்ஸில் அந்த வெள்ளை இடைவெளி செய்யும் வேலையைப் படத்தில் செய்வது கேமராவும் எடிட்டரும். முஷ்டி முகத்தைத் தொடாமலே போகும். ஒருவரின் தோளுக்குப் பின்னால் கேமரா இருந்தால் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். வேகம் கூட்ட நொடிக்கு 22 ஃப்ரேமில் (ஃப்ரேம் என்பது படச்சுருளின் ஒரு தனிப் படம்) எடுத்து 24-இல் ஓட்டுவார்கள்; பத்து நொடி சண்டை சுமார் 9.2 நொடியில் முடியும். அதற்கும் கீழே இறக்கினால் தலைமுடியும் துணியும் வெட்டி வெட்டி ஆடிக் காட்டிக்கொடுக்கும். சண்டை புரியாமல் போவதற்கு வேகம் காரணம் இல்லை. இடப்பக்கம் நின்றவன் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் போய்விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' இரண்டு கலையும் கலந்த இடம். இயக்குநர் ஜார்ஜ் மில்லர், காமிக்ஸ் ஓவியர் பிரெண்டன் மெக்கார்த்தியோடு உட்கார்ந்து கதையைச் சுமார் 3,500 ஸ்டோரிபோர்டு கட்டங்களாக, அதாவது ஷாட்டுகளை முன்கூட்டியே காட்டும் ஓவியங்களாக, முதலில் வரையவைத்தார். முக்கியமான பொருளைத் திரையின் நடுவிலேயே வைத்துப் படம் பிடித்தார்கள். அதனால் ஷாட் எத்தனை முறை மாறினாலும் கண் அலைவதே இல்லை. ஆக்‌ஷன் பிடித்தவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்க்க வேண்டிய படம்.

வீட்டில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது விஎல்சி பிளேயர் என்ற வீடியோ மென்பொருளில் படத்தை நிறுத்தி, கீபோர்டில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். பழைய ஹாங்காங் சண்டைப் படம் ஒன்றைப் போட்டு, அடி விழும் இடத்தில் ஷாட் மாறுகிறதா பாருங்கள். மாறினால், புது ஷாட் சில ஃப்ரேம் பின்னாலிருந்து தொடங்கி அதே அடியை மறுபடி காட்டுகிறதா என்று கவனியுங்கள்.