ட்ராம்ப்ளேக்களின் ஊரில்

கனடாவின் கியூபெக் நகரத்திலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையோடு கிழக்கே போனால் ஷார்ல்வுவா என்ற மலைநாடு வருகிறது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் திமிங்கலம் பார்க்க ஆசை. எனக்கு ஒரு குடும்பப் பெயரைப் பார்க்க ஆசை: ட்ராம்ப்ளே.

கியூபெக் மாகாணத்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். மாகாணப் புள்ளியியல் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் 1.08 விழுக்காட்டோடு முதலிடம். பிரான்சில் அந்த இடம் மார்த்தேன் என்ற பெயருக்கு. ஆனால் மார்த்தேன் ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர். இரண்டு மார்த்தேன்கள் சந்தித்துக்கொண்டால் உறவு தேட வேண்டியதில்லை. ட்ராம்ப்ளேக்கள் அப்படியல்ல. கியூபெக்கில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே தம்பதியின் வாரிசுகள்.

பியேர் ட்ராம்ப்ளே, நார்மண்டிக்குத் தெற்கே பெர்ஷ் வட்டாரத்தில் ராண்டோனே என்ற சிற்றூர்க்காரர். நடுங்கும் இலைகளைக் கொண்ட ஒருவகை பாப்லர் மரத்தின் தோப்பிலிருந்து பிறந்த பெயர் ட்ராம்ப்ளே. 1647இல் ரொபேர் ஜிஃபார் என்ற நிலக்கிழாரிடம் கூலி ஒப்பந்தத்தில் கடல் கடந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1657 அக்டோபரில், லா ரோஷேல் பக்கத்திலிருந்து வந்த ஓசான் ஆஷோனைக் கியூபெக்கில் மணந்தார். பிள்ளைகள் பன்னிரண்டு. அவர்களில் பியேர், மிஷேல், ஜாக், லூயி என்ற நான்கு மகன்கள் வழியே பெயர் பரவியது. ஓசானின் பெயர் எந்த வாரிசுக்கும் போகவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பன்னிரண்டு பிரசவமும் அவருடையதுதானே.

362ஆம் எண் சாலை பே சான் போலிலிருந்து லே ஸெபுல்மான் கிராமத்துக்கு ஏறி இறங்கிச் செல்கிறது. இறக்கங்களில் பிரேக்கிலிருந்து கால் எடுக்க முடியவில்லை. 1663 பிப்ரவரியில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் இங்கே மலைச்சரிவு இடிந்து ஆற்றில் விழுந்தது. கிராமத்துக்குப் பெயரே 'நிலச்சரிவுகள்'. 1710இல் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக ஆனவர் மூத்த பியேரின் மகன் பியேர். கூலிக்கு வந்தவரின் மகன் நிலக்கிழார்!

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கியூபெக்கில் மனைவியின் பெயரைப் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் கல்லில் வெட்டுவார்கள். அதனால் ஒரு கல்லில் கணவர் ட்ராம்ப்ளே, கீழே மனைவியும் ட்ராம்ப்ளே. அடுத்த கல்லில் ஆண் பூஷார், பெண் ட்ராம்ப்ளே. அதற்கடுத்து மறுபடி இருவருமே ட்ராம்ப்ளே. கல்லைத் தடவிப் பார்த்துப் பாசியை விலக்கினால் அங்கேயும் அதே பெயர். சிறிது நேரத்தில் வேறு பெயர் கொண்ட கல்லைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

இப்படி ஒரே பெயர் குவிந்த ஊரில் ஆளை எப்படி அடையாளம் சொல்வது? தங்கியிருந்த விடுதியை நடத்தும் அம்மாள் சிரித்தபடி சொன்னார்: "குடும்பப் பெயரை நாங்கள் கேட்பதே இல்லை. யாருடைய மகன், யாருடைய பேரன் என்றுதான் கேட்போம்." தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் அடுக்கிச் சொல்வது இங்கே பழைய வழக்கம். அதோடு பட்டப்பெயரும் உண்டு. 1838இல் ஷார்ல்வுவாவின் லா மால்பே ஊரிலிருந்து வடக்கே சகெனே பகுதிக்குக் குடியேறியவர்களின் தலைவர் அலெக்சி ட்ராம்ப்ளேவை, 'பிக்கோத்தே', அதாவது அம்மைத்தழும்பர் என்றே ஆவணங்களும் குறிக்கின்றன. குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியலோடு வாழும் எனக்கு இது மிகவும் பழகிய ஊராகத் தோன்றியது.

அந்த 1838 பயணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பெயரின் கணக்குப் புரியாது. ஷார்ல்வுவாவில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உழத்தக்க நிலம் கொஞ்சம்தான். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் குறைவு. வீட்டுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தபோது இடம் போதவில்லை. சகெனே காடுகளோ விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் பிடியில் இருந்தன. மரம் வெட்டும் உரிமம் வாங்கிய இருபத்தொரு பங்குதாரர்களின் சங்கம் அமைத்து, பாய்மரக் கப்பலில் போய் இறங்கி, மரத்தோடு நிலத்தையும் பிடித்துக்கொண்டார்கள். சிறு கூட்டமாகக் கிளம்பிய பெயர், பரந்த இடம் கிடைத்ததும் பெருகிவிட்டது.

பே சான் போலிலிருந்து 381ஆம் சாலையில் கருந்தேவதாருக் காட்டைக் கடந்து சகெனேயின் லா பேயில் இறங்கினேன். வழியில் பெட்ரோல் நிலையங்களை நம்ப வேண்டாம். டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். லா பேயில் அந்த இருபத்தொருவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. சில முன்னோர்களிடமிருந்தே பெரும் கூட்டம் உருவானதால், அரிய மரபணு நோய்கள் சில இங்கே அதிகம். நடையைக் குலைக்கும் ஒரு நரம்பு நோய்க்கு மருத்துவ உலகம் வைத்த பெயரிலேயே ஷார்ல்வுவாவும் சகெனேயும் இருக்கின்றன. இது ட்ராம்ப்ளேக்களின் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. பெயர் எதுவானாலும் முன்னோர்கள் பொதுவானவர்கள். சகெனேயிலுள்ள ஷிகூதிமி பல்கலைக்கழகத்தில் 1972இல் ஜெரார் பூஷார் தொடங்கிய பால்சாக் என்ற தரவுத்தளம், தேவாலயப் பதிவேடுகளின் திருமணங்களை இணைத்துக் குடும்ப மரங்களை வரைந்திருக்கிறது. பாதிரியார்கள் எழுதி வைத்த ஏடுகளை இன்றைக்கு மரபணு ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

சகெனே நகரத்துக்கு 2002 முதல் 2017 வரை மேயராக இருந்தவரின் பெயர் ழான் ட்ராம்ப்ளே. வாக்குச்சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்த எத்தனை வாக்காளர்கள் தம் பெயரும் அதுதான் என்று சிரித்திருப்பார்களோ!