வேட்டி மடிப்பு தெரியும் வரை

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி. ஹால் பத்தடிக்கு ஒன்பதடி. 16 வருடம் உழைத்த 21 இன்ச் டியூப் டிவி பொங்கலுக்கு முன்னால் ஒரேயடியாக நின்றுபோனது. கையில் இருந்த போனஸோடு கொஞ்சம் சேர்த்துப்போட்டு 43 இன்ச் டிவி ஒன்றை வாங்கினேன். அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் 31 வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எம்.ஜி.ஆர். படமும் ஃபுட்பாலும் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சுவரில் மாட்டிய அன்றே கேபிள் தம்பி வந்து, பழைய பாக்ஸோடு இருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகிவிட்டு, "படம் வருதுக்கா, பாத்துக்கோங்க" என்று போய்விட்டார். படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய படம் ஒன்று போட்டார்கள். பத்து நிமிடம் பேசாமல் பார்த்த அப்பா திரும்பி என்னைக் கேட்டார்: "இன்னாம்மா இது? தலைவரு இப்டி பொதபொதன்னு இருக்காரு?"

உற்றுப் பார்த்தால் முகம் அகன்று, தோள் பரந்து, கார் சக்கரம் முட்டை வடிவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து எல்லாம் ஈரத்தில் கலைந்த மை மாதிரி. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் படத்தின் வடிவம். பழைய டியூப் டிவி 4:3. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இப்போது வரும் டிவி எல்லாம் 16:9. எம்.ஜி.ஆர். காலத்துப் படங்களில் பெரும்பாலானவை 4:3க்கு மிக நெருக்கமான வடிவத்தில் எடுத்தவை. அதை 16:9 திரை முழுக்க நிரப்பச் சொன்னால் டிவி பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு இழுத்துவிடும். தலைவர் பருத்துப்போன காரணம் அதுதான். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பகுதிக்குப் போய் 4:3 என்று வைத்ததும் ஆள் பழையபடி ஆனார். இரண்டு ஓரத்திலும் கருப்புப் பட்டை வந்தது. டேப் வைத்து அளந்தேன், ஒவ்வொன்றும் நாலே முக்கால் இன்ச். "இவ்ளோ பெரிய டிவி வாங்கி ஓரத்த வீணாக்குறியே" என்றாள் அம்மா. வீணில்லை. அந்தப் பட்டைக்கு நடுவில் இருக்கும் படமே 35 இன்ச் டிவி அளவு வருகிறது, பழைய டிவியைவிட எவ்வளவோ பெரிது.

சினிமாஸ்கோப் படமென்றால் இதற்கு நேர்மாறு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அந்த வகைப் படம் 16:9ஐவிட அகலமானது. அதனால் மேலேயும் கீழேயும் இரண்டரை இன்ச் பட்டை விழும். அதையும் நிரப்ப வேண்டுமென்று ஜூம் போட்டால் ஓரத்தில் நிற்கிற ஆட்கள் வெட்டுப்படுவார்கள். நான் விட்டுவிட்டேன். நாலு பக்கமும் கருப்பு விழுந்து நடுவில் தபால்தலை மாதிரி படம் வந்தால் மட்டும் ஜூம் போடலாம். அகலமான படத்தை சேனல்காரர்களே 4:3 சட்டத்துக்குள் அடைத்து அனுப்பும்போது அப்படி ஆகும்.

வடிவம் சரியாகியும் தெளிவு வரவில்லை. டிவி படம் என்பது மேலிருந்து கீழாக அடுக்கிய மெல்லிய வரிகள், வரி கூடினால் தெளிவு கூடும். பழைய பாக்ஸ் சாதாரணத் தெளிவு தரும் எஸ்டி பாக்ஸ், 576 வரிதான் தரும். டிவிக்கோ 1080 வரி. சரி என்று பணம் கட்டி, கூடுதல் தெளிவு தரும் எச்டி பாக்ஸ் வாங்கினோம், அப்பா பார்க்கும் நான்கு எச்டி சேனல்களுக்குத் தனியாகச் சந்தாவும் கட்டினோம். தம்பி வந்து மாட்டினார். படம் அப்படியேதான் இருந்தது. இரண்டு நாள் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: எச்டி பாக்ஸையும் அதே மஞ்சள் வயரில்தான் இணைத்திருந்தார். பாக்ஸ் எச்டி, டிவி எச்டி, நடுவில் வயர் மட்டும் பழசு. இரண்டு பக்கமும் ரோடு அகலமாக இருந்து என்ன, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது புரியும். மஞ்சள் வயர் வழியாக எஸ்டி படத்துக்கு மேல் போகாது. நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்து நிற்கும்.

பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர் வரும் காம்போனென்ட் இணைப்பு இதைவிட நல்லது, 1080 வரி வரை தாங்கும். எதிர் பிளாக் மாமா வீட்டுப் பழைய எல்சிடியில் இருக்கிறது. ஆடியோவுக்கும் ஒரு சிவப்பு வயர் உண்டு என்பதால், சிவப்பு இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு நிறம் கெட்டுவிட்டது என்று பலர் திணறுவார்கள். எங்கள் புது டிவியில் அந்தத் துளையே கிடையாது. எனக்கு மிஞ்சியது, படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் எச்டிஎம்ஐதான்.

பாக்ஸ் வைத்திருக்கும் அலமாரியிலிருந்து டிவிக்கு மூன்று மீட்டர் வேண்டும். வேலை முடிந்து பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜாருக்குப் போனேன். முதல் கடையில் தங்க முலாம் பூசியது, படம் பளிச்சென்று இருக்கும் என்று 1,500 ரூபாய் வயரை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த கடை பாய் என்ன பாக்ஸ் என்று கேட்டார். சொன்னேன். "கேபிள் பாக்ஸுக்கு இதே போதும் தங்கச்சி, நாளைக்கு ப்ராப்ளம்னா எடுத்துட்டு வா" என்று 300 ரூபாய் வயரைக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் தகவல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 300 ரூபாய் வயரிலும் 1,500 ரூபாய் வயரிலும் ஒரே படம்தான். சேரவில்லை என்றால் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லையென்றால் திரையே கருத்துப்போகும். விலை கூடினால் நிறம் கூடாது. வாங்கும்போது 'ஹை ஸ்பீடு' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் எச்டிக்குப் போதும். எச்டியைவிடத் தெளிவான 4கே படத்தை நொடிக்கு 60 பிரேமில், அதாவது நொடிக்கு 60 தனிப் படமாக, பார்ப்பவர்கள் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' கேட்டு வாங்கலாம். காசிமேட்டில் அக்கா வீட்டில் உப்புக்காற்றுக்கு வயர் முனை எல்லாம் பச்சை பூத்துவிடும். அங்கே தங்க முலாமுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு, அதுவும் துருவுக்காகத்தான்.

வயரை மாற்றிய பிறகும் பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டியிருந்தது. வெளியீடு 576 என்றும் திரை 4:3 என்றும் கிடந்தது. 1080, 16:9 என்று மாற்றினேன். பாக்ஸில் ஒரு அளவு, டிவியில் ஒரு அளவு என்று இரண்டு இடத்தில் இருப்பதுதான் குழப்பத்துக்கு வேர். பாக்ஸை 16:9இல் நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது டிவியில் மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

மேட்ச் பார்க்கும்போது இன்னொன்று தெரிந்தது. மூலையில் இருக்கும் ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டிருந்தது. டியூப் டிவி காலத்தில் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைப்பார்கள். அந்தப் பழக்கம் புது டிவியிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதை ஆன் செய்ததும் ஸ்கோர் முழுதாக வந்தது, நியூஸ் சேனலில் கீழே ஓடும் வரியும் வந்தது. வேறு கம்பெனி டிவியில் இதற்கு வேறு பெயர் இருக்கும்.

அப்புறம் நிறம். இதில் நான் அப்பாவிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன். டிவி 'விவிட்' மோடில் வந்திருந்தது. கடை வெளிச்சத்தில் பத்து டிவிக்கு நடுவில் எடுப்பாகத் தெரிவதற்கான மோடு அது. அப்பா முதலில் சொன்னதே, "வெள்ளையில நீலம் ஏறியிருக்கு. சொட்டு நீலம் ஜாஸ்தியான சட்ட மாதிரி." அப்படியே உண்மை. கலர் டெம்பரேச்சர் 'கூல்' என்றிருந்தது. 'சினிமா' மோடுக்கு மாற்றி 'வார்ம்' வைத்தோம். முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது, இப்போது பழைய மோடைப் போட்டால் முகமெல்லாம் சவக்களை.

பிரைட்னஸ் என்பது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் டிவியில் அது கருப்பின் ஆழத்துக்கு. கான்ட்ராஸ்ட் வெள்ளைக்கு. மொத்த வெளிச்சத்துக்கு பேக்லைட் தனியாக இருக்கிறது. அப்பா தன்னிடமிருந்த பழைய டிவிடியைப் போட்டு ஓர் இரவுக் காட்சியில் நிறுத்தினார். கருப்புத் தலைமுடி ஒரே கட்டியாகத் தெரிந்தது. இழை இழையாகப் பிரியும் வரை பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினார். கருப்பு சாம்பலாக ஆரம்பித்ததும் ஒரு புள்ளி இறக்கினார். அடுத்து வெள்ளை வேட்டி கட்டி வெயிலில் நடந்து வரும் காட்சி. வேட்டி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. கான்ட்ராஸ்டைக் குறைக்கக் குறைக்க முதலில் கரை தெரிந்தது, பிறகு இடுப்பில் சுற்றிய மடிப்பு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே விழும் சின்னச் சுருக்கம். அங்கே நிறுத்தினார். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும்.

ஷார்ப்னஸ் 50 இருந்தது, 10க்கு இறக்கினோம். எழுத்தைச் சுற்றி இருந்த வெள்ளைக்கோடு போனது. சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் தானாகப் பிரேம்களைச் செய்து நுழைப்பதால் படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். படத்துக்கு அதை ஆஃப் செய்துவிட்டோம். ஃபுட்பாலுக்கு மட்டும் குறைவாக வைத்துக்கொள்கிறோம், பந்து கலையாமல் தெரிகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: எங்கள் டிவி ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக செட்டிங்ஸ் வைத்துக்கொள்கிறது. டிவிடிக்குச் செய்ததை எல்லாம் கேபிள் பாக்ஸுக்கும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த எண்களை எல்லாம் அப்பா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார். பகலுக்கு ஒரு பேக்லைட், ஜன்னலைச் சாத்திய ராத்திரிக்கு ஒன்று. விஷயம் தெரிந்து எதிர் பிளாக் மாமாவும் கூப்பிட்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த டிவிடியை எடுத்துக்கொண்டு அப்பா அங்கே போகிறார்.