கருமண் ஊரிலிருந்து மண்ணியல் முதுநிலைக்கு

கேரளத்தில் கருமண் இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் மட்டுமே. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி. நானும் அந்தப் பக்கத்தவள்தான். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு, பிறகு இளநிலை வேளாண்மை, அதன்பின் நுழைவுத் தேர்வு என்ற வழக்கமான பாதையில் வந்து, திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் மண்ணியல் முதுநிலை படித்தேன். நுழைவுத் தேர்வைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. இளநிலைப் பாடங்களை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது எட்டாத உயரம் அன்று. உண்மையான படிப்பு ஆய்வேட்டுக்கான மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் தொடங்குகிறது.

முதலாண்டுப் பாடங்களுள் மண் வேதியியலும் மண் வளமும் மனத்தில் எளிதாகப் பதிந்தன. மண் இயற்பியல்தான் பலரையும் திணறடித்தது. நீரில் விழும் துகளின் வேகத்தைக் கூறும் ஸ்டோக்ஸ் விதியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வது ஒன்று. இரண்டு மைக்ரானுக்கும் குறைந்த களித் துகள்களைப் பிரிப்பதற்காக உருளைக்குழாயின் முன் மணிக்கணக்கில் காத்திருப்பது வேறொன்று. நீரின் வெப்பம் இருபது பாகை செல்சியஸாக இருந்தால், களியைவிடப் பெரிய துகள்கள் கீழே இறங்கி, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் பிப்பெட்டை (உறிஞ்சுகுழாயை) இறக்கி மாதிரி எடுக்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். வெப்பம் ஏறினால் அந்த நேரம் குறையும் என்பதால், திருச்சூர்க் கோடையில் வெப்பமானியைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது.

ஆய்வுக்கு ஊர்க் கருமண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி ஒப்புக்கொண்டார். வேலை தொடங்கிய பிறகுதான் அந்த மண் எவ்வளவு பிடிவாதமானது என்பது தெரிந்தது. கோடையில் கைவிரல்கள் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மண்வெட்டி படாது. மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே குழி வெட்ட ஏற்றவை. களப்பணிக்கான கால அட்டவணையை அந்த வாரங்களை வைத்தே அமைக்க வேண்டும். நிலத்துக்காரர்களின் அனுமதியும் அப்போதே வேண்டும். முதற்குழி வெட்டிய தோட்டத்தின் பெரியவர், "ஏங் கண்ணு, ஆளு எறங்கற ஆழத்துக்குத் தோண்டிப்போட்டு மூடாம போயிருவீங்களா? மாடு விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அது முறையான கேள்வி. மூடுவதற்கான கூலியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

குழிச்சுவரில் கண்டவை பாடத்தில் படித்தவற்றைக் கண்முன் நிறுத்தின. மண் ஈரத்தில் உப்பி ஒன்றையொன்று நெருக்குவதால் உண்டாகும் வழவழப்பான சறுக்குப் பரப்புகள், கீழடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகள், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கும் நுரை. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுக் குறிக்கும் மன்செல் நிற அட்டையில் கரும்பழுப்பும் கருஞ்சாம்பலுமாகப் பொருந்தும் இந்த மண்ணில் அங்ககக் கரிமம் (மக்கிய பொருள்களில் உள்ள கார்பன்) நிறைந்திருக்கும் என்று புதியவர்கள் எண்ணக்கூடும். ஆனால் 1934இல் வெளியான வாக்லி–பிளாக் முறையில் பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு அளந்து பார்த்தால் அளவு குறைவாகவே வரும். கருமைக்கும் வளத்துக்கும் அவ்வளவு நேரடி உறவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மணிச்சத்து (பாஸ்பரஸ்) சோதனை. கேரளத்தின் பெரும்பாலான மண்வகைகள் அமிலத்தன்மை கொண்டவை. ஆகையால் 1945இல் பிரேயும் கர்ட்ஸும் வகுத்த, அம்மோனியம் புளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலே மண்ணிலிருந்து மணிச்சத்தைப் பிரித்தெடுக்க அங்கு வழக்கமாகப் பயன்படுவது. சுண்ணாம்பு நிறைந்த கருமண்ணில் அதை ஊற்றினால், சுண்ணாம்பு அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். புளோரைடும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். முடிவில் கிடைக்கும் எண் மண்ணில் உள்ள மணிச்சத்தைக் காட்டாது. இந்த மண்ணுக்கு 1954இல் ஆல்சன் குழுவினர் தந்த முறையே பொருந்தும்: கார அமில நிலை (pH) 8.5 உள்ள அரை மோலார் சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்க வேண்டும். கரைந்து வரும் அங்ககப் பொருளின் நிறம், மணிச்சத்தை நீல நிறமாக்கி அளக்கும் அளவீட்டைக் கெடுக்காதிருக்க, மணிச்சத்து அற்ற கரித்தூளைச் சேர்க்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே இதற்கான காரணத்தைக் குறிப்பிட்டு ஆய்வு ஆலோசனைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால், பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே மாவட்டத்தில் பட்டாம்பிப் பக்கத்து அமிலத்தன்மையுள்ள வெட்டுக்கல் மண்ணுக்கும் எங்கள் கருமண்ணுக்கும் ஒரே சோதனைக் கரைசலைப் பயன்படுத்தி எண்களை ஒப்பிடுவது பொருளற்றது என்பதே என் கருத்து; எளிய மண்பரிசோதனை அறிக்கைக்கும் இது பொருந்தும்.

பருமன் அடர்த்தியிலும், அதாவது குறிப்பிட்ட கன அளவு மண்ணில் உள்ள உலர்ந்த மண்ணின் எடையை அளப்பதிலும், இதே சிக்கல் உண்டு. ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும் மண்ணில் உருளை அடித்து எடுத்த மாதிரி, எடுத்த நாளின் ஈரத்தை மட்டுமே பேசும். கட்டியை உருகிய பாரபின் மெழுகில் தோய்த்து நீரில் எடைபார்ப்பது சலிப்பூட்டும் வேலை என்றாலும் நம்பகமானது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் சோதனை முறைகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் கருமண் எப்படி வந்தது என்பதுதான் அவர் நெடுநேரம் துருவிய கேள்வி. அடியில் உள்ள கோண்டலைட் என்னும் உருமாறிய பாறைகளுக்கு ஊடே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் ஓடுகின்றன என்றும், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் மழை குறைவாக இருப்பதால் கால்சியமும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் தங்கி, உப்பும் தன்மையுள்ள களியை உருவாக்கின என்றும் சொன்னேன். அப்படியானால் அதே பாறை மழை மிகுந்த இடத்தில் இருந்தால் என்னவாகும் என்று அடுத்துக் கேட்டார். அதற்கு நான் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையொப்பமிட்டார்கள்.