மின்சுற்றுப் பாடத்துக்கு ஃபெட்: சுவிட்சைப் போடும் முன் கேளுங்கள்

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்தப் போகும் புது ஆசிரியர்களுக்கும், பி.எட். கற்பித்தல் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது: ஸ்மார்ட் போர்டில் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வகுப்புக்குள் போங்கள்.

இந்தப் பாடத்துக்கு நான் நம்புவது ஃபெட் (PhET) சிமுலேஷனை, அதாவது திரையிலேயே மின்சுற்று கட்டிப் பார்க்கும் மென்பொருளை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைத்தது, முழுக்க இலவசம். வகுப்புக்கு முந்தைய நாளே கோப்பைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலே ஓடும். பள்ளி வைஃபையை நம்பி நாற்பது பேரைக் காக்க வைக்கக் கூடாது.

9 வோல்ட் மின்கலம், 10 ஓம் விளக்கு இரண்டு, தொடரிணைப்பு. சுவிட்சைப் போடாதீர்கள். "எந்த விளக்கு அதிகமாக எரியும்?" என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மின்கலத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று பாதி வகுப்பு எழுதும். முதல் விளக்கு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது பிள்ளைகள் மனதில் ஆழமாக ஊறிய எண்ணம். ஓம் விதிக் கணக்கை மடமடவென்று போடுகிற பிள்ளையிடமும் இது இருக்கும். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும். முதல் விளக்குக்கு முன்னால் அம்மீட்டரை வைத்தால் 0.45 ஆம்பியர், இரண்டு விளக்கையும் தாண்டி வைத்தாலும் அதே 0.45. எழுதி வைத்த பதில் கண்ணெதிரே பொய்த்துப்போவதால் "ஏன் சார்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். கணிக்க விடாமல் நேரே காட்டினால் நல்ல படம் பார்த்த திருப்திதான் மிஞ்சும்.

பக்க இணைப்பிலும் இதே முறைதான். ஒரு விளக்கைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும் என்று முதலில் சொல்லட்டும். வீட்டு மின்சாதனங்களை ஏன் பக்க இணைப்பில் இணைக்கிறோம் என்ற தேர்வுக் கேள்விக்கு அதன் பிறகு தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

செய்முறைத் தேர்வுக்கும் இது கைகொடுக்கும். அம்மீட்டரைத் தொடரிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் இணைத்துத் திரையில் பழகிவிட்டு ஆய்வகத்துக்கு வந்தால் கருவிகள் பிழைக்கும். விளக்கு, மின்கலப் படங்களைச் சுற்றுக் குறியீடுகளாக மாற்றும் வசதியும் அதிலேயே இருக்கிறது. மின்சுற்றுப் படம் வரையத் திணறும் பிள்ளைகளுக்கு அதை மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகளையும் இணையச் செயல்பாட்டுப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். காணொலி என்றால் ஓரிரு நிமிடத்தில் நிறுத்திப் பேசுங்கள். விளக்கை அணைத்துவிட்டு முழுதாக ஓட்டினால் மதிய வகுப்பு தூங்கிவிடும்.

திரையோடு முடித்துவிடவும் கூடாது. டார்ச் பல்பு, பேட்டரி செல், கொஞ்சம் ஒயர் வாங்கி ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். நிஜப் பல்புகள் இரண்டு ஒரே மாதிரி எரியாது. முனை சரியாகப் பதியாவிட்டால் எரியவே எரியாது. "திரையில் எரிந்ததே, இங்கே ஏன் எரியவில்லை?" என்று ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அதற்கு ஒரு பாடவேளை முழுதாகப் போனாலும் தாராளமாகக் கொடுங்கள்.