நாய்க்கு ஒரு நியாயம், பன்றிக்கு ஒரு நியாயம்

நாய்க்கறி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள், பன்றிக்கறி என்றால் பக்குவம் கேட்கிறார்கள். இத்தனைக்கும் புத்தியில் பன்றி நாய்க்குச் சளைத்ததல்ல. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பன்றிகள் மூக்கால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி ஒரு சின்ன வீடியோ கேமே ஆடின.

கறி தொடாதவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். கன்று போட்டால்தான் மாடு பால் தரும். பிறந்தது காளைக்கன்று என்றால் அது எங்கே போகிறது என்று பால் குடிக்கிற யாரும் கேட்பதில்லை.

முட்டை விஷயம் இன்னும் மோசம். முட்டைக்கென்றே உருவாக்கிய இனத்தில் சேவல் குஞ்சுக்கு வேலையே இல்லை. முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது. அதனால் பொரித்த உடனேயே அரவை இயந்திரத்தில் போட்டோ வாயு செலுத்தியோ கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகள். ஜெர்மனி 2022-இல் இதைத் தடை செய்தது; பெரும்பாலான நாடுகளில் இன்றும் இது சட்டப்படி சரி. இதையே ஒருவன் தெருவில் வைத்துச் செய்தால் வீடியோ எடுத்துப் போலீஸ் வரை போயிருப்போம்!

கறி தின்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தின்றுகொண்டே நாய்க்குட்டிப் படத்துக்கு அழுகிற எமோஜி போடுகிறவர்களோடுதான் கொஞ்சம் இருக்கிறது.