பாலையூற்றில் இரண்டு மனஸ்தாபங்கள்

அம்மா இறந்த ஏழாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காகக் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்திறங்கினேன். திருப்பலி மறுநாள்தான் என்பதால், அன்று காலையிலேயே ஓட்டோ பிடித்துப் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குப் போனேன். சிறுவயதில் அம்மா என்னையும் தம்பியையும் கைப்பிடித்து அழைத்துச் சென்ற இடம் அது. தம்பி உப்புவெளியில்தான் இருக்கிறான். நான் வந்திருப்பதை அவனுக்கு அறிவிக்கவில்லை.

கெபியின் (மாதா குகையின்) முன் காற்று பலமாக இருந்தது. முதிய பெண் ஒருவர் அணைந்துபோன தம் மெழுகுதிரியைப் பக்கத்துத் திரியில் மீண்டும் மீண்டும் பற்றவைத்து, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, கடைசியில் உருகிய மெழுகிலேயே அதை ஊன்றி நிறுத்தினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, செபமாலை கையில் அசையவில்லை.

அம்மாவின் கடைசி நான்கு மாதங்களில் நான் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தேன். விடுப்பு கிடைக்காதது உண்மை. கேட்கவேண்டிய அளவுக்குக் கேட்கவில்லை என்பதும் உண்மை. அன்றிலிருந்து, 'நீ நல்ல மகளாக இருக்கவில்லை' என்று ஒரு குரல் எனக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தது. அதை நான் கடவுளின் குரல் என்றே நம்பியிருந்தேன். இதே குற்றத்தை நான்கு தடவை, குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். நான்காம் தடவை கேட்ட வயதான சுவாமி, "இதை முன்பும் சொல்லியிருக்கிறீர்களா மகளே?" என்று கேட்டுவிட்டு, "அப்படியானால் இது மன்னிக்கப்பட்டுவிட்டது. இனி இதை இங்கே கொண்டுவர வேண்டாம். வேறு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். அவர் என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ணி, மனக்குறையுடனேயே வெளியே வந்தேன்.

இயேசு சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியாருக்கும் இதே நிலை நேர்ந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே முழுமையாக அறிக்கையிட்ட பழைய பாவங்களையே அவர் மீண்டும் மீண்டும் கிளறி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்குச் சென்றார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவர் அதிலிருந்து விடுபட்டார். அவர் எழுதிவைத்த விதிகள், மன உறுத்தல் எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. பாவத்திலிருந்து பாவத்துக்குப் போகிறவனின் மனச்சான்றைக் குத்துவது நல்ல ஆவி. கடவுளை நோக்கி நடக்க முயல்பவனைக் கடித்து, கவலைப்படுத்தி, வழிமறிப்பது தீய ஆவி. நல்ல வழியில் நடப்பவனிடம் நல்ல ஆவி வரும்போது பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல் வரும் என்றும், தீயது கல்லில் துளி விழுந்து தெறிப்பதுபோல் வரும் என்றும் அவர் சொல்கிறார். யோவான் நற்செய்தி தூய ஆவியாரைத் துணையாளர் என்று அழைப்பதும், திருவெளிப்பாட்டு நூல் அலகையை, அதாவது சாத்தானை, அல்லும் பகலும் குற்றம் சாட்டுபவன் என்று குறிப்பதும் இதையொட்டியே எனக்கு விளங்கின. எனக்குள் ஒலித்த குரல் ஏழு ஆண்டுகளில் என்னை எதையும் செய்யச் சொன்னதில்லை. இறந்துபோன அம்மாவுக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

கெபியின் முன் நின்று, பழக்கத்தால், பாவங்களுக்காக மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினேன். "சர்வேசுரா சுவாமி, தேவரீர் அளவில்லாத சகல நன்மை சுரூபியாயிருக்கிறபடியினாலே" என்று ஆரம்பிக்கும் அந்தப் பழைய செபத்தில், பாவம் என்ற சொல் வருவதற்கு முன்பே அவருடைய நன்மையும் அவர்மீதான நேசமும் வந்துவிடுகின்றன. குழந்தைப் பருவத்திலிருந்து சொல்லிவந்தும் இந்த வரிசையை நான் கவனித்ததில்லை. "மெத்த மனஸ்தாபப்படுகிறேன்" என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. வீட்டுப் பேச்சில் நாங்கள் அந்தச் சொல்லைப் பிணக்கு என்ற வேறு பொருளில் அல்லவா பயன்படுத்துகிறோம்! எனக்கும் தம்பிக்கும் ஏழு ஆண்டாக மனஸ்தாபம் என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள்.

செத்தவீட்டில், ஊரார் கூடியிருந்த முற்றத்தில், "நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அம்மா இன்றைக்கு இருந்திருப்பா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னவள் நான். அம்மாவைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தவன் அவன். என்னால் சுமக்க முடியாததை அவன் தலையில் இறக்கிவைத்தேன். நான்கு பாவசங்கீர்த்தனங்களில் ஒன்றிலேனும் இந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அம்மாவைப் பற்றி அழுதுகொண்டிருந்ததால் இது கண்ணிலேயே படவில்லை. பிரான்சின் லூர்துவில் 1858 பெப்ரவரி 25ஆம் நாள், மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத் கையால் தோண்டியபோது முதலில் கிடைத்தது சேற்றுநீர்தான். அதைக் குடித்து முகமெல்லாம் சேறாக நின்ற சிறுமியைப் பைத்தியம் என்றார்கள். தெளிந்த நீர் பிறகுதான் ஓடியது.

எனக்கு அப்போது வலித்தது. முன்னையதைவிடக் கூடுதலாகவே வலித்தது. ஆயினும் 'நீ கெட்டவள்' என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள், ஒரு முற்றம், ஒரு வாக்கியம், போகவேண்டிய ஒரு வீடு ஆகியவை மட்டுமே தெரிந்தன. ஆறுதலாக இருந்தது என்று சொல்வது மிகையாகும். கால்கள் நடக்க விரும்பின என்பதே சரி.

மந்திரத்தை முடித்துவிட்டு, நிலாவெளி பஸ்ஸில் ஏறி உப்புவெளியில் இறங்கினேன். தம்பி முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "உள்ளே வாங்கக்கா, வெயில்" என்றான். உள்ளே போனால் தேநீர் வரும், பிள்ளைகள் வருவார்கள், சொல்ல வந்தது நின்றுவிடும் என்று தெரிந்ததால் படலையடியிலேயே நின்று, அன்று ஊரார் முன் சொன்னதை வரி மாறாமல் சொல்லி, அது பொய் என்றும், அவன்மீது பழி போட்டது நான் செய்த பாவம் என்றும் சொன்னேன்.

அவன் கையிலிருந்த துணியை நெடுநேரம் பிழிந்துகொண்டிருந்தான். பிறகு, "நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.